மாமனாரும் நானும் காய்ச்சிய மிளகாய் ஜெல்லி

என் மாமனார் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த இரண்டு வருடத்தில் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதை எல்லாம் எழுதினால் ஒரு பக்கம்கூட நிறையாது. காலையில் அவர், "டீ குடிச்சீங்களா மாப்ள?" என்பார். "குடிச்சாச்சுங்க மாமா" என்பேன். சாயங்காலம் பட்டறையிலிருந்து திரும்பியதும் நான், "சாப்டீங்களா மாமா?" என்பேன். "ஆச்சுங்க" என்பார். அதோடு சரி.

எங்களுக்குள் மனத்தாங்கல் எதுவும் கிடையாது. அவர் கடத்தூர்ப் பக்கம் விவசாயம் பார்த்தவர். ஒரே பெண், அவள்தான் என் மனைவி. மாமியார் இறந்தபிறகு அவர் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தார். கூட்டிவர மனைவி ஆறு மாதம் நடையாய் நடந்தாள். கடைசியில் நிலத்தைப் பங்காளி ஒருவரிடம் குத்தகைக்கு விட்டுவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு காரிமங்கலத்துக்கு வந்தார். வந்தவர் வந்ததிலிருந்து விருந்தாளியாகவே இருந்தார். நான் உள்ளே நுழைந்தால் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். டிவி பார்த்துக்கொண்டிருந்தால் ரிமோட்டை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். "நீங்க பாருங்க மாமா" என்று பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். "இருக்கட்டுங்க மாப்ள" என்று சிரிப்பார். எழுபத்தைந்து வயதுக்காரர் எனக்காக எழுந்து நிற்பது எனக்குக் கூச்சமாக இருக்கும். அதனாலேயே நான் வீட்டில் இருக்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டேன் என்று இப்போது தோன்றுகிறது. எனக்கு லேத் பட்டறை. போர் மோட்டார் ஷாஃப்ட், டிராக்டர் புஷ் என்று வேலைக்கு எப்போதும் பஞ்சமில்லை. அங்கேயே இருந்துகொள்ளச் சாக்கு கிடைக்கும்.

அவர் தாமாக, யாரையும் கேட்காமல் செய்த ஒரே காரியம் மொட்டை மாடியில் மிளகாய் வைத்ததுதான். காலிப் பெயின்ட் வாளிகளில் மண் நிரப்பி, இருபது இருபத்தைந்து செடி வைத்திருந்தார். நன்றாகக் காய்த்தது. நாங்கள் வெளியில் மிளகாய் வாங்குவதே நின்றுபோனது.

போன ஆவணியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டும் வாய்க்கு ருசி திரும்பவில்லை. சோறு, களி, கறி எதைப் போட்டாலும் இரண்டு வாயோடு தட்டைத் தள்ளிவிடுவார். "மண்ணத் திங்கற மாதிரி இருக்குது புள்ள" என்று மகளிடம் சொல்வார். அந்தச் சமயத்தில்தான் ஓசூரிலிருந்து எங்கள் மகள், ஆறு மாத வயிற்றோடு, அவரைப் பார்க்க வந்தாள். பெங்களூரில் வாங்கியதாக ஒரு சின்ன பாட்டில் கொண்டுவந்திருந்தாள். உள்ளே கண்ணாடிபோல் சிவப்பாக ஏதோ இருந்தது. மிளகாய் ஜெல்லியாம். ஒரு கரண்டி எடுத்துத் தாத்தாவின் தோசை ஓரத்தில் வைத்தாள்.

அவர் தொட்டு நாக்கில் வைத்தார். "என்னடி இது, ஜாங்கிரிக்குள்ள மொளகா உழுந்த மாதிரி இருக்குது?" என்றார். சொல்லிக்கொண்டே இன்னொரு விள்ளல் பிய்த்தார். அன்றைக்கு மூன்று தோசை தின்றார். என் மனைவி சமையலறையில் நின்றபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த பாட்டில் பத்து நாள்கூட வரவில்லை.

கார்த்திகையில் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வழக்கப்படி பிரசவம் எங்கள் வீட்டில்தான் நடந்திருக்க வேண்டும். ஆனால் அவள் காட்டிக்கொண்டிருந்த டாக்டர் ஓசூரில் இருந்ததால் மனைவிதான் அங்கே போனாள். நானும் மூன்றாம் நாள் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்தேன். மாமனார் வரவில்லை. "பஸ்ஸு எனக்கு ஒத்துக்காதுங்க மாப்ள. நீங்க போயிட்டு வாங்க" என்றுவிட்டார். எனக்குத் தெரியும், பஸ் காரணமில்லை. சம்பந்தி வீட்டில் போய் நிற்க அவருக்குச் சங்கடம். பெண் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறார் என்று அவர்கள் நினைப்பார்களோ என்று.

இப்படித்தான் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் ஆனோம். நான் குக்கரில் சோறு வைப்பேன். அவர் ரசம் வைப்பார். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். தட்டுச் சத்தம் மட்டும் கேட்கும்.

அந்த வாரம் முழுக்க மழை. ஞாயிற்றுக்கிழமை காலை அவர் மாடியிலிருந்து ஒரு பேசின் நிறையப் பழுத்த மிளகாயோடு இறங்கி வந்தார். தலைத்துண்டு நனைந்திருந்தது.

"வெயிலே இல்லீங்க மாப்ள. காய வெக்க முடியல. இப்படியே உட்டா அழுவிப்போயிரும்."

"என்னங்க பண்றது மாமா?"

அவர் பேசினைக் கீழே வைக்காமலே நின்றார். ஏதோ சொல்ல வருகிறார் என்று தெரிந்தது.

"புள்ள ஒரு பாட்டில் கொண்டாந்து குடுத்துச்சே... அத நம்மளே பண்ண முடியாதுங்களா?"

இரண்டு வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் விஷயம் அது. எதைக் கேட்டிருந்தாலும் நான் சரி என்றிருப்பேன். "பண்ணிட்டாப் போவுதுங்க மாமா" என்றேன், எப்படிச் செய்வது என்று எள்ளளவும் தெரியாமல்.

இனிப்பும் காரமும் புளிப்பும் சேர்ந்தால் ஜெல்லி, அவ்வளவுதானே என்று கணக்குப் போட்டேன். கடைக்குப் போய்ச் சர்க்கரையும் வினிகரும் வாங்கி வந்தேன். மிளகாயை மிக்ஸியில் அடித்து, எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டி அடுப்பை ஏற்றினேன். அது கொதித்து மேலே வந்ததும் கிளம்பிய ஆவியை நான் மறக்கவே மாட்டேன். முதலில் அவர் இருமினார். பிறகு நான். அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல் இருவரும் புழக்கடைக்கு ஓடினோம். குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டே இருந்தோம்.

பக்கத்து வீட்டில் ஒரு டீச்சர் குடியிருக்கிறார். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். மதில்மேல் அவர் தலை தெரிந்தது.

"அண்ணா! என்ன வறுக்கறீங்க? எங்க வூட்ல எல்லாரும் தும்மிக்கிட்டு இருக்கறோம்!"

"வறுக்கலீங்க டீச்சர். ஜெல்லி."

"எதுங்க?"

எனக்குப் பதில் சொல்ல மூச்சில்லை. மாமனார்தான் கையை ஆட்டி, "இனிப்புங்க, இனிப்பு" என்றார். டீச்சர் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜன்னல்களைச் சாத்தப் போனார்.

முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு திரும்பப் போய் முடித்தோம். ஆறியபிறகு பார்த்தால் அது வெறும் பாகு. தோசையில் ஊற்றினால் தட்டு முழுக்க ஓடியது. இன்னும் காய்ச்சினால் இறுகும் என்று மறுபடி அடுப்பில் ஏற்றினேன். இந்த முறை இறுகியது. சட்டியோடு சேர்ந்து இறுகியது. கரண்டி நட்டுவைத்த கம்பம்போல் நடுவில் நின்றது. நான் பிடித்து இழுத்தேன். கரண்டியோடு சட்டியும் சேர்ந்து மேலே வந்தது.

மாமனார் சட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இதுக்கு உங்க லேத்துதாங்க மாப்ள லாயக்கு" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கேலிதான் செய்கிறார். என்னைக் கேலி செய்கிறார்! எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அவரும் சிரித்தார், தோள் குலுங்க. அவருடைய பல் வரிசையை அன்றுதான் சரியாகப் பார்த்தேன் என்று சொல்லலாம்.

சாயங்காலம் மகள் வீடியோவில் கூப்பிட்டாள். குழந்தையைக் காட்டத்தான் கூப்பிட்டாள். நாங்கள் சட்டியைக் காட்டினோம்.

"அப்பா, மொளகாவும் சக்கரையும் மட்டும் போட்டா எப்படிப்பா கெட்டியாவும்? அதுக்குப் பெக்டின்னு ஒண்ணு வேணும்."

"அது எங்க கெடைக்கும்?"

"காரிமங்கலத்துல கெடைக்காது. இருங்க." கொஞ்ச நேரம் போனில் எதையோ தேடினாள். "கொய்யாக்கால நெறைய இருக்குதாம். ரொம்பப் பழுத்தது வேணாம், செங்காயா இருக்கணும். நறுக்கி, வேகவெச்சு, துணியில வடிகட்டி, அந்தத் தண்ணியில பண்ணுங்க. துணியப் பிழியாதீங்க, கலங்கிரும். அப்புறம் பாட்டில வெந்நீர்ல கொதிக்க வெக்கணும். இல்லன்னா பூசணம் புடிச்சிரும். மொளகாய அரைக்காதீங்க, பொடியா நறுக்குங்க."

மாமனார் எட்டிப் பார்த்து, "இரு புள்ள, இரு புள்ள" என்றார். உள்ளே போய் ஒரு காலண்டர் தாளும் பேனாவும் கொண்டுவந்தார். அவள் திரும்பச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். பின்னால் என் மனைவியின் குரல் கேட்டது. "சட்டி எந்தச் சட்டி? என் குழம்புச் சட்டியா அது?" நான் போனை மாமனார் பக்கம் திருப்பிவிட்டேன்.

கொய்யா மரம் டீச்சர் வீட்டில் இருந்தது. மறுநாள் காலை மதிலோரம் போய் விஷயத்தைச் சொன்னேன். "அப்ப மறுபடியும் ஜன்னலச் சாத்தணுமா?" என்று கேட்டார். ஆனாலும் ஒரு வாளி நிறையப் பறித்துக் கொடுத்தார். ஒரு பாட்டில் தனக்கு வரவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். நான் தருமபுரிக்குச் சாமான் வாங்கப் போனபோது தகர மூடி போட்ட கண்ணாடி பாட்டில் ஒரு டஜன் வாங்கி வந்தேன். அடுத்த ஞாயிறு வரைக்கும் பொறுக்க முடியவில்லை. வியாழக்கிழமை பட்டறையைப் பூட்டிவிட்டு வீட்டில் இருந்தேன். என் வாழ்நாளில் சமையலுக்காகப் பட்டறையைப் பூட்டியது அன்று ஒருநாள்தான்.

காலையிலேயே கொய்யாவை வேகவைத்து, மாமனாரின் பழைய வேட்டித் துண்டில் மூட்டையாகக் கட்டி, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டோம். கீழே பாத்திரம். சொட்டுச் சொட்டாக இறங்கியது. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு நான் மூட்டையைப் பிடிக்கப் போனேன்.

"பிழியக் கூடாதுன்னு சொன்னாளே மாப்ள." கையில் காலண்டர் தாள்.

"லேசாத்தாங்க மாமா."

"லேசாவும் கூடாது. இங்க எழுதியிருக்குது." அதட்டலாகவே சொன்னார். நான் கையை எடுத்துக்கொண்டேன். பட்டறையில் என்னை அதட்ட ஆள் கிடையாது. எனக்கு அது பிடித்திருந்தது.

மூட்டை வடியும் நேரத்தில் அவர் தரையில் உட்கார்ந்து மிளகாய் நறுக்கினார். நீளவாக்கில் கீறி, விதையைத் தட்டி எடுத்துவிட்டு, கடுகு கடுகாக நறுக்கினார். கையில் எதுவும் மாட்டிக்கொள்ளவில்லை. நாலைந்து கைப்பிடி ஆனதும், நினைப்பில்லாமல் புறங்கையால் வலது கண்ணைத் தேய்த்துவிட்டார்.

"ஐயோ" என்று ஒரே ஒரு சத்தம். இரண்டு கையாலும் கண்ணைப் பொத்தப் போனார். நான் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன்.

"கைய வெக்காதீங்க! கைய வெக்காதீங்க மாமா!"

பட்டறையில் இரும்புத் தூள் கண்ணில் விழுவது எங்களுக்குச் சகஜம். என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவரைப் புழக்கடைத் தொட்டிக்கு நடத்திக் கூட்டிப்போனேன். தலையைச் சாய்த்துப் பிடித்து, இமையை விரலால் விரித்து, சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றினேன். அவர் சின்னப் பிள்ளைபோல் நெளிந்தார். என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். அதுவரை நான் அவரைத் தொட்டது கல்யாணத்தன்று காலில் விழுந்தபோது மட்டும்தான். இப்போது அவர் தலை முழுவதும் என் கைக்குள் இருந்தது. அது அவ்வளவு சின்னத் தலை என்று நான் நினைத்திருக்கவில்லை.

பத்துப் பதினைந்து சொம்பு ஊற்றியிருப்பேன். எரிச்சல் மட்டுப்பட்டது. அவர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். இரண்டு கண்ணிலும் தாரை தாரையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் கைக்கு நல்லெண்ணெய் தேய்த்து சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன்.

"அவ செத்தன்னைக்குக்கூட எனக்கு இவ்ளோ தண்ணி வரலீங்க மாப்ள" என்றார்.

நான் அவர் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"எல்லாரும் பாத்தாங்க. கல்லு மாதிரி ஒக்காந்திருக்கறான்னு பேசிக்கிட்டாங்க. எனக்குத் தெரியும். என்ன பண்றது, வரலை. சாவுக்கு வந்தவங்களுக்குச் சாமியானா பத்தலியேன்னு அத நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"நீங்க அன்னைக்கு அப்படி ஒக்காந்திருந்ததாலதாங்க மாமா எங்களாலயெல்லாம் அழ முடிஞ்சுது" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்தது.

அவர் என்னை ஒற்றைக் கண்ணால் பார்த்தார். மற்றது இன்னும் சிவந்து மூடியிருந்தது. பிறகு மாமியாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மாமியார் காரம் தின்ன மாட்டாராம். நாற்பத்தைந்து வருடம் ஒரே அடுப்பில் இரண்டு குழம்பு, மாமாவுக்குக் காரமாக ஒன்று, தனக்குச் சப்பென்று ஒன்று. "ஒரு நாளும் மூஞ்சியச் சுளிச்சதில்ல. நானும் ஒரு நாளும் அவ குழம்ப ஊத்திச் சாப்டதில்ல. சாப்டிருக்கலாம்" என்றார். கண்ணில் இன்னும் வழிந்துகொண்டிருந்தது. மிளகாயாலா மற்றதாலா என்று நான் கேட்கவில்லை. மழைத் தூறல் போட்டது. இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். பிறகு அவர்தான், "வடிஞ்சிருக்கும், வாங்க" என்று எழுந்தார்.

மிச்ச மிளகாயை நான் நறுக்கினேன், கையில் பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கொண்டு. கொய்யாத் தண்ணீர் லேசான ரோஜா நிறத்தில், கலங்காமல் இருந்தது. தண்ணீரும் சர்க்கரையும் சம அளவு. எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் வினிகர், நறுக்கிய மிளகாய். இந்த முறை ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது. முகத்தில் துண்டு. மகள் சொன்னபடி ஃப்ரீசரில் ஒரு தட்டை வைத்திருந்தோம். கொதிக்கும் பாகில் ஒரு சொட்டை அந்தச் சில்லென்ற தட்டில் விட்டு, விரலால் தள்ளிப் பார்க்க வேண்டும். தோல்போல் சுருங்கினால் பதம். முதல் சொட்டு ஓடியது. இரண்டாவதும் ஓடியது. நான் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளந்து பழகியவன். சுருங்குவது, சுருங்காதது என்ற கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. அவர்தான் ஆறாவது சொட்டைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "நிறுத்துங்க!" என்று கத்தினார். குனிந்து பார்த்தேன். சொட்டின்மேல் மெல்லிய சுருக்கம் விழுந்திருந்தது.

கொதித்த நீரிலிருந்து பாட்டில்களை இடுக்கியால் எடுத்து வைத்து ஊற்றினோம். அவசரத்தில் நான் ஒரு பாட்டிலைச் சூடு பண்ணாமல் எடுத்துவிட்டேன். ஊற்றியதும் அடியில் பிளந்துகொண்டது. மீதி பதினொன்று. மேலே கால் அங்குலம் இடம் விட்டு, விளிம்பைத் துடைத்து, மூடி போட்டு, அண்டாவில் துணி விரித்து அடுக்கி, தண்ணீரில் மூழ்கவைத்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டோம். பிறகு எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தோம்.

ஆறும்போது மூடியின் நடுப்பகுதி உள்ளே இழுத்துக்கொள்ளும், அப்படியானால் காற்று புகாது என்று மகள் சொல்லியிருந்தாள். நாங்கள் இரண்டு நாற்காலி போட்டு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் டக்கென்று ஒரு சத்தம்.

"ஒண்ணு" என்றார் அவர்.

அப்புறம் ரொம்ப நேரம் சத்தமில்லை. பிறகு அடுத்தடுத்து மூன்று. டீ போட்டுக் குடித்தோம். சாயங்காலத்துக்குள் பத்து பாட்டில் அடங்கிவிட்டது. ஒன்று மட்டும் மூடி தொட்டால் மேலும் கீழும் ஆடியது. அதை ஃப்ரிட்ஜில் வைத்து, அன்றைக்கே தோசைக்குத் திறந்தோம். விளக்கு வெளிச்சத்தில் பாட்டிலைச் சாய்த்தால் ஓடவில்லை. லேசாக நடுங்கியது. உள்ளே சிவப்புத் துணுக்குகள் அங்கங்கே நின்றன. கடையில் வாங்கியதைவிடக் காரம் அதிகம். கொய்யா வாசம் கடைசியில்தான் வந்தது. அவர் நான்கு தோசை, நான் ஐந்து.

டீச்சருக்கு ஒரு பாட்டில் கொடுத்தோம். மறுநாள் அவர் மதில்வழியே, "சப்பாத்திக்கு நல்லா இருக்குதுண்ணா. ஆனா அடுத்த தடவ காய்ச்சறப்ப முன்னாடியே சொல்லிருங்க, நாங்க எங்கயாவது போயிக்கறோம்" என்றார்.

குழந்தைக்குப் பெயர் வைக்கும் நாள் குறித்திருந்தார்கள். முந்தின நாள் காலை நான் கிளம்புவதற்குப் பையில் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். மாமனார் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பட்டைபட்டையாக விபூதி பூசி அறையிலிருந்து வந்தார். அவர் கையில் ஒரு கட்டைப்பை இருந்தது. ஆறு பாட்டில், ஒவ்வொன்றும் தினசரித் தாளில் சுற்றி, நடுவில் துண்டு வைத்து, உடையாதபடி அடுக்கியிருந்தார்.

"நானும் வரேனுங்க மாப்ள. இத நீங்க தூக்கிக்கிட்டுப் போனா ஒடச்சிருவீங்க."

பஸ் ஒத்துக்கொள்ளாது என்றவர், ஓசூர் வரும்வரை பையை மடியில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தார். எந்த வயலைப் பார்த்தாலும் என்ன போட்டிருக்கிறான், தண்ணி எங்கிருந்து எடுக்கிறான் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குப் பாதி புரியவில்லை. கேட்டுக்கொண்டே வந்தேன்.

அவரை வாசலில் பார்த்ததும் என் மனைவி, "அப்பா!" என்றாள். குழந்தையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுக்கப் போனாள். அவர் பதறிப் பின்னால் நகர்ந்தார். "இரு இரு, மொளகாக் கை" என்று இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்துதான் வாங்கினார். மிளகாய் நறுக்கிப் பத்து நாளுக்குமேல் ஆகியிருந்தது.

சாயங்காலம் சம்பந்தி வீட்டில் வாழைக்காய் பஜ்ஜி போட்டார்கள். மகள் ஒரு பாட்டிலைத் திறந்து கிண்ணத்தில் வைத்தாள். சம்பந்தி தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, "இது எந்தக் கடையிலங்க வாங்குனது?" என்றார்.

"கடையா?" என்றார் என் மாமனார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். "நாங்க காய்ச்சுனது. நானும் மாப்ளயும்." பிறகு கொய்யாவிலிருந்து ஆரம்பித்தார். செங்காய்தான் வேண்டும் என்றார். துணியைப் பிழிந்தால் என்ன ஆகும் என்று சொன்னார். "சில பேருக்குப் பொறும இருக்காது, லேசாப் பிழியலாமும்பாங்க" என்று என் பக்கம் கண்ணைக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். தட்டில் சொட்டு விட்டு விரலால் தள்ளும் இடத்துக்கு வந்தபோது எழுந்து நின்று நடித்தே காட்டினார்.

மனைவி என் பக்கத்தில் வந்து நின்றாள். "எங்கப்பா இத்தனை பேசி நான் பாத்ததில்லங்க" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். அப்புறம், "குழம்புச் சட்டி என்னாச்சு?" என்றாள்.

புதுசு வாங்கிவிட்டதாகச் சொன்னேன். அவள் கிண்ணத்தில் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். இனிப்பா காரமா, இரண்டில் ஒன்றாக இருந்தால் ஆகாதா என்று முணுமுணுத்தாள். பஜ்ஜித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மாமனார் அப்போது மூடி டக்கென்று அடங்கும் கட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தை அவர் குரலைக் கேட்டபடி சம்பந்தி அம்மாள் மடியில் தூங்கிப்போயிருந்தது.